தீனி அடுப்புக்குச் சீல்

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாம் காதால் வந்தவை. எந்த இடத்தில் முதலில் கேட்டேனோ அந்த இடத்து அர்த்தத்தோடே அவை என்னிடம் தங்கிவிட்டன. 'சீல்' என்ற வார்த்தையை ஆலங்காயம் கடைத்தெருவில் பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டேன். ஆபீஸ் ஜீப் ஒன்று வந்தது, நாலு பேர் இறங்கினார்கள், ஒரு கடையின் ஷட்டரை இழுத்துப் பூட்டினார்கள். பூட்டின் மேல் துணியைச் சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றி, அதன் மேல் ஒரு முத்திரையை அழுத்தினார்கள். கடைக்காரர் கையில் டீ கிளாஸோடு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சீல் வெச்சிட்டாங்க" என்றாள் பக்கத்தில் நின்ற பொம்பளை.

அதனால் போன வருஷம் ஒரு புதன்கிழமை காலையில் சின்ன பாய் போனில் அனுப்பிய பேச்சைக் கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

"அடுப்புக்கு சீல் வெக்கணும்மா. ஞாயித்துக்கிழம அண்ணன் வர்றாரு. அதுக்குள்ள சீல் வெச்சாகணும்."

அவ்வளவுதான். மலையில் சிக்னல் வந்து வந்து போகும். திருப்பிக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை.

சின்ன பாய் யார் என்று சொல்லிவிடுகிறேன். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனைப் பெரிய பாய் என்றும் தம்பியைச் சின்ன பாய் என்றும் நாங்கள் சொல்லுவோம். ஆலங்காயத்திலிருந்து மலை ஏறுகிற ரோட்டில், புளியந்தோப்பைத் தாண்டினால் அவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு தோட்டத்து வீடு இருக்கிறது. அதைப் பெருக்கித் துடைத்து, அவர்கள் வந்தால் ஆக்கிப் போடுவது என் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறேன். அந்த வீட்டை விற்றுவிடலாம் என்று பெரிய பாய் சொல்லிக்கொண்டிருந்தார். வேண்டாம், சனி ஞாயிறுக்கு விருந்தாளிகளுக்கு விடலாம், வந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு போட்டால் போதும் என்று சின்ன பாய் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரிய பாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார், சாப்பிடுவார், சாப்பிட்டுவிட்டுச் சொல்லுவார். விற்றுவிடு என்று சொன்னால் என் வேலை போய்விடும். இந்த வயதில் கீழே இறங்கி ஷூ கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும்.

விருந்துக்காகவே சின்ன பாய் ஒரு அடுப்பு வாங்கியிருந்தார். வியாபாரத்துக்கு வெளிநாடு போன இடத்தில் பார்த்தாராம். இரும்புப் பீப்பாயைப் படுக்கப்போட்டு நாலு கால் வைத்த மாதிரி இருக்கும். மேல்பாதிதான் மூடி. பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகளைக் கொட்ட வேண்டும். கரண்டில் ஒரு திருகு சுற்றி, குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். ஒரு சின்ன ஃபேன் ஊதிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சூடு வேண்டும் என்று குமிழைத் திருப்பி வைத்துவிட்டு நாம் வேறு வேலை பார்க்கலாம்.

குச்சி மூட்டையைப் பிரித்துப் பார்த்த என் வீட்டுக்காரர், "இது மாட்டுத் தீவனம்மே" என்றார். பார்க்க அப்படியேதான் இருந்தது. அன்றிலிருந்து அது தீனி அடுப்பு.

அந்தச் செய்தி வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு கோழியை வைத்துப் பார்த்தோம். மூடியைச் சுற்றி நாலு பக்கமும் புகை வந்தது. சூடு காட்டுகிற முள் பாதிக்கு மேல் ஏறவே இல்லை. மூன்று மணி நேரம் கழித்து அறுத்தால் எலும்பு ஓரம் சிவப்பாக இருந்தது. சின்ன பாய் கையைக் கழுவிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வந்த செய்திதான் இந்த சீல்.

நான் என்ன நினைப்பேன்? மலையில் மரக்குச்சி எரித்துப் புகை போட்டோம், யாரோ பார்த்து எழுதிப் போட்டுவிட்டார்கள், ஆபீஸிலிருந்து அடுப்புக்கு சீல் வைக்கச் சொல்லிவிட்டார்கள், அதைச் செய்யத்தான் பெரிய பாய் வருகிறார். அடுப்புக்கு வைத்தால் அடுத்தது வீட்டுக்குத்தான். சாயந்திரத்துக்குள் அங்கே நான் வைத்திருந்த அரிவாள்மனை, இரண்டு கரண்டி, என் துணிமணி எல்லாவற்றையும் ஒரு கோணியில் போட்டுக் கட்டிவிட்டேன்.

ஜீப் ஓட்டப் போயிருந்த என் வீட்டுக்காரர் வந்து கோணியைப் பார்த்தார்.

"எங்கமே கெளம்பிட்ட? உங்கம்மா வூட்டுக்கா?"

"சீல் வெக்கப் போறாங்கய்யா."

"எதுக்கு?"

"அடுப்புக்கு."

அவர் போனை வாங்கிச் செய்தியை இரண்டு தடவை கேட்டார். பிறகு சிரித்தார். சிரிப்பை நிறுத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.

"ஏமே, குக்கர்ல ரப்பர் வளையம் கீதுல்ல? அது தேஞ்சா இன்னா ஆவும்?"

"புஸ்ஸுன்னு ஆவி போவும்."

"அதான் சீலு. மூடி நல்லா மூடல, அடைக்கணும்னு சொல்றாரு பாய். உன்ன இல்ல."

கோணியை அவிழ்த்தேன். பயம் ஒன்றும் அவிழவில்லை. ஏனென்றால் அந்த மூடி ஏன் மூடவில்லை என்று எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது.

அடுப்பு மலை ஏறியது எங்கள் ஜீப்பில்தான். ஆலங்காயத்தில் லாரியிலிருந்து இறக்கி, ஜீப்பின் பின்னால் நிறுத்தி, இரண்டு கயிறு போட்டுக் கட்டினார்கள். நானும் கூட இருந்தேன். வளைவில் விழுந்துவிட்டால் என்ன ஆவது என்று, "இன்னொரு கயிறு போடுய்யா" என்று நான்தான் சொன்னேன். "போதும்மே" என்றார். "போடுய்யா" என்றேன். மூன்றாவது கயிற்றை மூடியின் மேலே குறுக்காகப் போட்டு, காலை வண்டியில் உதைத்துக்கொண்டு இழுத்துக் கட்டினார். அப்போது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கேட்டது எனக்கு மட்டும்தான். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை, சின்ன பாய் தான் வர முடியாமல் அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு எல்லாம் பிரியாணி செய்கிற மாஸ்டரை அனுப்பிவைத்தார். மூடியை அடைப்பதில் அவரை விட்டால் ஆள் கிடையாது என்பது சின்ன பாயின் கணக்கு. மாஸ்டர் கைலியும் வெள்ளைச் சட்டையுமாக வந்து இறங்கினார். அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மூடியைத் திறந்தார், மூடினார்.

"இதுக்காம்மா இவ்ளோ பேச்சு? மைதா கீதா?"

"கீது மாஸ்டர்."

"பெசை. கெட்டியா பெசை."

தம் போடும்போது அண்டாவுக்கும் மூடிக்கும் நடுவில் மாவை உருட்டி ஒட்டுவார்களே, அதே மாதிரி இந்த அடுப்பின் விளிம்பு முழுக்க மாவை உருட்டி வைத்தார். மூடியைப் போட்டு அமுக்கினார். அதோடு விட்டிருக்கலாம். பின்பக்கம் புகைபோக்கியைப் பார்த்தார். ஒரு கை மாவை எடுத்து அதன் வாயையும் அடைத்தார்.

"மாஸ்டர், அது பொகை போற வழி போலக் கீதே."

"தம்முன்னா ஒரு பக்கம் அடைச்சி ஒரு பக்கம் தொறந்து வெப்பாங்களாம்மா? நாப்பது வருசமா தம் போடறேன்."

நாற்பது வருஷத்துக்கு முன்னால் நான் என்ன பேசுவது. சுவிட்சைப் போட்டேன்.

கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. முள் ஏறியது. மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்புறம் ஃபேன் சத்தம் மாறியது. ஃபேன் ஊதுகிற காற்று வெளியே போக வழியில்லாமல் வந்த வழியே திரும்பிவிட்டது. தீவனப் பெட்டியின் மூடி மெதுவாக மேலே எழும்பி, அதற்குள்ளிருந்து புகை புசுபுசுவென்று வந்தது. அடுப்பு 'கீ கீ கீ' என்று கத்த ஆரம்பித்தது. நான் ஓடிப்போய் வீட்டு மெயினையே அணைத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மாஸ்டர் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்.

"வெடிக்குமாம்மா?" என்றார் அங்கிருந்தே.

வெடிக்கவில்லை. நெருப்பு மூச்சு முட்டி அணைந்துவிட்டது. "இது சமைக்கிற சாமானே இல்ல. ராக்கெட்டு" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் மத்தியான பஸ்ஸில் கீழே இறங்கிவிட்டார்.

அடுப்பு ஆறினதும் மாவைப் பிய்க்க உட்கார்ந்தேன். பாதி வெந்து ரொட்டி மாதிரி ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் வந்தவர் ஒரு துண்டை எடுத்துத் தின்று பார்த்து, "உப்பு இல்ல, மத்தபடி நல்லாக் கீது" என்றார்.

மாவை உடைக்காமல் நீளமாக உரித்து எடுத்துக் கல்லின் மேல் வரிசையாக வைத்தேன். அப்போதுதான் தெரிந்தது. இடது பக்கத்து மாவு அப்பளம் மாதிரி நசுங்கியிருந்தது. முன்பக்கமும் அப்படித்தான். வலது பக்கம் போகப் போகத் தடித்துக்கொண்டே போய், பின்மூலையில் ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. அங்கே மூடி விளிம்பில் உட்காரவே இல்லை. மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாய்ந்த இடம் எது என்று பார்த்தேன். மூன்றாவது கயிறு போன இடம்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் மூடியும் சரியாகாது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பெரிய பாய்க்குச் சிவப்பு எலும்பை வைக்க வேண்டும். சிக்னல் கிடைக்கிற பாறை வரைக்கும் நடந்துபோய்ச் சின்ன பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், மூடி கோணிக்கிச்சு. நான்தான் காரணம். இன்னொரு கயிறு போடச் சொன்னேன். டொக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு, உங்ககிட்ட சொல்லல."

சிக்னல் போய்விட்டதோ என்று போனைத் தட்டினேன்.

"மாஸ்டர் ராக்கெட்டுங்குறாரு, நீ கயிறுங்குற. எது சரிம்மா?"

"கயிறுதான் பாய். மாவுல தெரியுது."

மாவில் என்ன தெரிந்தது என்று முழுக்கக் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. "அப்ப மூடியில ஓட்ட இல்ல, கோணல்தான். அத நேராக்கலாம்" என்றார். அவர்கள் தோல் கம்பெனியில் பாய்லர் இருக்கிறதாம். அதன் கதவு ஓரத்தில் நெருப்புக்கு அசையாத வெள்ளைக் கயிறு ஒன்று வைப்பார்களாம், கண்ணாடி நூலில் திரித்தது. அதை நாளைக் காலை பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன் என்றார். பாய்லர்காரரிடமும் போனைக் கொடுத்தார். அவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மூன்று தடவை சொன்னார்.

"கயித்த இழுத்து ஒட்டாதம்மா. இழுத்தா மெலிஞ்சிடும், மெலிஞ்சா பொகை வரும். தளர்வா படுக்க வெக்கணும். கொழந்தைய படுக்க வெக்கிற மாதிரி."

மறுபடியும் கயிறு. ஆனால் இந்தத் தடவை இழுக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் ஆலங்காயம் போய் பஸ்ஸில் வந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தார். அவர் வருவதற்குள் விளிம்பில் படிந்த கரியையும் எண்ணெயையும் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துத் துடைத்து வைத்திருந்தேன். முதலில் மூடியை நேராக்க வேண்டும். பின்னால் இரண்டு கீல், ஒவ்வொன்றிலும் இரண்டு போல்ட். அவர் ஜீப் ஸ்பேனரால் நாலையும் கழற்றிவிடாமல் கொஞ்சம் கொஞ்சம் தளர்த்தினார். நான் மூடியை வலது பக்கம் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் முறுக்கினார்.

"சரியா உக்காந்துச்சான்னு எப்பிடிப் பாக்கறது?" என்றேன்.

"ஒரு தாள நடுவுல வெச்சி மூடு. இழுத்தா வரக் கூடாது. வந்துச்சின்னா அங்க சந்து கீதுன்னு அர்த்தம். எஞ்சின்ல அப்பிடித்தான் பாப்போம்."

உள்ளே போனவர் ஒரு தாளோடு வந்தார். நல்ல வழவழப்பான தாள். வாங்கிப் பார்த்தால் சமையல்கட்டில் நான் மாட்டியிருந்த தினசரி காலண்டரின் தாள். பார்த்த உடனே என் உயிர் போய்விட்டது.

"யோவ்! ஞாயித்துக்கிழமய கிழிச்சிட்டியே!"

"சனிக்கிழமையும் சேந்து வந்திடுச்சிமே."

"இன்னும் வராத நாள எவனாவது கிழிப்பானாய்யா? அதுவும் பெரிய பாய் வர்ற நாள!"

"அப்ப போயி ஒட்டிட்டு வர்றேன்."

"ஒட்டினா ஆச்சா?"

ராகு காலம், எமகண்டம் எல்லாம் அச்சடித்த அந்த ஞாயிற்றுக்கிழமையை விளிம்பில் வைத்து மூடினோம். முன்னால் இழுத்தால் வரவில்லை. இடது பக்கம் வரவில்லை. வலது பின்மூலையில் சுலபமாக வந்தது. மறுபடி தளர்த்தி, அமுக்கி, முறுக்கி, மறுபடி ஞாயிற்றுக்கிழமையை வைத்தோம். நாலாவது தடவை அந்த மூலையிலும் கொஞ்சம் பிடித்தது. மிச்சத்தைக் கயிறு பார்த்துக்கொள்ளும் என்றார் அவர். அந்தத் தாளை நான் தூரப் போடவில்லை. மடித்து எடுத்துப்போய் எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். கசங்கியிருந்தாலும் நாள் நாள்தானே.

ஜீப் எஞ்சினுக்குப் பூசுகிற சிவப்புப் பசை, சூடு தாங்குகிறது, அவரிடம் ஒரு டியூப் இருந்தது. விளிம்பு முழுக்க மெல்லிய கோடாக இழுத்தார். அதன் மேல் நான் வெள்ளைக் கயிற்றைப் படுக்க வைத்தேன். இழுக்கவே இல்லை. இரண்டு முனையும் சேருகிற இடத்தில் ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரி வெட்டினோம். ஒரு நாள் காய வேண்டும் என்று டியூபில் எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அவரிடமும் ஒரு தடவை படிக்கச் சொன்னேன். சனிக்கிழமை முழுக்க யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. ஒரு கோழி ஏறி உட்கார வந்தது, துரத்தினேன்.

சாயந்திரம் சும்மா பற்றவைத்துப் பார்த்தோம். புகை, போக வேண்டிய புகைபோக்கி வழியாக நூல் மாதிரி போனது. மூடி ஓரத்தில் ஒன்றும் இல்லை. முள் ஏறி, வைத்த இடத்தில் போய் நின்றது.

"நின்னிடுச்சிமே" என்றார் அவர்.

"நாளைக்கும் நிக்கணும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணன் தம்பி இரண்டு பேரும் காரில் வந்தார்கள். வாணியம்பாடியிலிருந்தே இரண்டு ஆட்டுத்தொடை, மசாலா தடவி எடுத்து வந்திருந்தார்கள். மத்தியானத் தொழுகை முடிந்ததும் சாப்பாடு. தொடையை உள்ளே வைத்து மூடினேன்.

பெரிய பாயை நான் அதிகம் பார்த்ததில்லை. அதிகம் பேசாத மனிதர். வந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு அடுப்பிடம் வந்து மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூடினார். முள் இறங்கி மறுபடி ஏற ஆரம்பித்தது. பத்து நிமிஷம் கழித்து மறுபடி வந்தார், திறந்தார், பார்த்தார். கறி நிறம் மாறவில்லை என்று முகம் சுருங்கியது. மூன்றாவது தடவையும் வந்தார். அத்தனை பாடுபட்டு உள்ளே பிடித்து வைத்த சூடெல்லாம் அவர் முகத்தில் அடித்துவிட்டு மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. முள் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. சின்ன பாய் என்னைப் பார்க்கிறார், நான் சின்ன பாயைப் பார்க்கிறேன். அண்ணனிடம் அவர் சொல்ல மாட்டார். இப்படியே போனால் இந்தத் தொடையும் எலும்பில் சிவந்துதான் வரும், வீடு போகும், என் வேலை போகும்.

நாலாவது தடவை அவர் கை பிடிமேல் போனதும் என் வாய் என்னைக் கேட்காமல் கத்திவிட்டது.

"பாய்! தொறக்காதீங்க!"

கை அப்படியே நின்றது. சின்ன பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"தொறந்து தொறந்து பாத்தா சூடு ஓடிப்போய்டும் பாய். அப்புறம் நாங்க சீல் வெச்சதுக்கு இன்னா அர்த்தம்?" என்றேன்.

பெரிய பாய் கையை எடுத்துவிட்டார்.

"வேகுதா இல்லையான்னு தெரிய வேணாமாம்மா? எனக்கு பயமா இருக்குது."

"பயந்தா உக்காந்து பயப்படுங்க பாய். நானும் அப்பிடித்தான் உக்காந்துனு கீறேன்."

சின்ன பாய்க்குச் சிரிப்பு வந்து உள்ளே போய்விட்டார். பெரிய பாய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் எதிரில் படியில். நடுவில் அடுப்பு. இரண்டு பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். "இந்த வூட்ட நெனச்சா எனக்கு நிம்மதி இல்லம்மா. மழ வந்தா ஓடு ஒழுகுமோங்குறேன். கீழ உக்காந்துனு பைப்ப மூடினாங்களோ இல்லையோன்னு யோசிக்கிறேன். வித்துட்டா அந்த யோசன போய்டும் பாரு."

"பைப்ப நான் ரெண்டு வாட்டி பாப்பேன் பாய். போவும்போது ஒரு வாட்டி, பாதி தூரம் போய்ட்டு திரும்பி வந்து ஒரு வாட்டி."

"கேஸு?"

"தெனமும் மூடிட்டு, மோந்து பாத்துட்டுதான் போவேன்."

"அந்தப் பலாமரக் கெள ஓட்டு மேல சாயுதே?"

"வெட்டச் சொல்லிட்டேன். செவ்வாக்கிழம வர்றாங்க."

"தண்ணி டேங்க் மூடி காத்துல பறந்துடுமே."

"கல்லு வெச்சிருக்கேன்."

"ஒரு கல்லா?"

"ரெண்டு பாய்."

"ம்" என்றார். நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவர்கள் தொழுதுவிட்டு வந்ததும் மூடியை நான் திறந்தேன். கத்தி வைக்க வேண்டியிருக்கவில்லை. எலும்பைப் பிடித்து ஆட்டினேன், கறி தானாகக் கழன்றது. எலும்பு ஓரத்தில் சிவப்பு இல்லை. குனிந்து இரண்டு தடவை பார்த்தேன். பெரிய பாயும் குனிந்து பார்த்தார்.

இரண்டாவது தடவை கறி வைத்தபோது பெரிய பாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்ன பாய்க்குப் பொறுக்கவில்லை.

"இன்னா பாய், விக்கிறதா வேணாமா?"

"விக்கிறதுல்லாம் இருக்கட்டும்" என்றார் பெரிய பாய். "வர்ற மாசம் சம்பந்தி வூட்டு ஆளுங்க வர்றாங்கல்ல, அவங்கள இங்கயே கூட்டிட்டு வரலாம். ஆனா மூடிய இந்தம்மாதான் தொறக்கணும். வேற யாரும் கை வெக்கக் கூடாது. நான் உட்பட."

எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்த கையோடு ஒரு கேள்வியும் வந்தது.

"எத்தினி பேரு பாய்?"

"ஒரு நாப்பது பேரு இருக்கும்."

"ரெண்டு தொடைக்கே அடுப்பு ரொம்பிடுச்சே பாய். அதுக்கே அர நாளு. நாப்பது பேருக்கு?"

பெரிய பாய் வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினார். அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"அதத்தான் நானும் யோசிச்சிட்டு இருக்கேன்" என்றார்.